அணில் தினம் அண்ணி தினமான கதை

இன்று கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெரியவரின் மடியில் ஜாங்கிரி டப்பா இருந்தது.

"யாருக்குங்க?"

"எங்க அண்ணிக்குங்க. இன்னைக்கு அண்ணி தினமாச்சே! எண்பத்து மூணுல பேப்பர்லயே போட்டாங்க. அதுக்கு முன்னால ரெண்டு வருஷம் பேச்சுவார்த்தையே கிடையாது. அதைச் சாக்கா வச்சி போய் நின்னேன். 'பேப்பர்ல போட்டாதான் வருவியாடா'ன்னு கேட்டுக்கினே சோறு போட்டாங்க."

திருவண்ணாமலை நிருபராக அந்தச் செய்தியை எழுதியவன் நான். எழுதியது ஒரு பள்ளிக்கூடம் கொண்டாடிய 'அணில் தினம்'. என் கையெழுத்தை அச்சுக்கோப்பவர் 'அண்ணி' என்று படித்துவிட்டார். மறுநாளே திருத்தம் கொடுத்தேன். இடமில்லை என்று ஆசிரியர் போடவில்லை.

பெரியவருக்கு அண்ணி தின வாழ்த்துச் சொன்னேன். அந்த அச்சுக்கோப்பவருக்கும் ஆசிரியருக்கும் இன்றுதான் நன்றி சொல்லத் தோன்றியது.

அணில்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் அண்ணிக்கு என்ன வாங்கினீர்கள்?