கட்டைப்பையில் ஏறாத சேலை

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் ஆஸ்பத்திரிக்கான கட்டைப்பையை நான் அடுக்கினேன். என் மாமியார் கொட்டிப் பார்த்தாள். மரியாதை கொடுத்து எழுத இப்போதும் மனம் வரவில்லை. நைட்டி, பிளாஸ்க், ஸ்கேன் ரிப்போர்ட் எதையும் அவள் தொடவில்லை. அடியில் மடித்து வைத்திருந்த பழைய நூல் சேலையை மட்டும் இரண்டு விரலால் தூக்கினாள்.

"இது யாரு வச்சது?"

"நான்தான் அத்தை. எங்கம்மா சேலை."

"நடவுக்குக் கட்டுனதா?"

"ஆமா."

"சேத்துல கெடந்த துணியிலயா எங்க வீட்டுப் புள்ளையச் சுத்தறது? நல்லா இருக்கே கதை!"

எங்கள் பக்கம் பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழந்துணியில்தான் முதலில் சுற்றுவார்கள். அது என் அம்மாவின் சேலையாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. வேறு எந்த ஆசையையும் அந்த வீடு எனக்கு மிச்சம் வைக்கவில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கத்தைக்கூட, "அந்தக் கூரை வீட்டுலயா?" என்ற ஒரே கேள்வியில் முடித்துவிட்டாள். எங்களுடையது காதல் கல்யாணம். என் அம்மா அவர்கள் வயலில் நாற்று நட்டவள். அம்மா நட்ட நெல் மட்டும் இவர்கள் தொண்டையில் நன்றாகவே இறங்கியது.

சேலை இருந்த இடத்தில் மாமனாரின் கிழிந்த வேட்டியை வைத்தாள். "எங்க வம்சத்துத் துணி" என்றாள். ஆமாம், பெரிய வம்சம்! "புள்ளைய மொதல்ல நான்தான் கையில வாங்குவேன்" என்றும் சொல்லி வைத்தாள்.

நான் சேலையை வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து, மறுபடி பையில் வைத்தேன். மறுநாள் காலையில் என் கணவர் அதில் பாதியை வைத்துப் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றி எரிந்தது.

"இது எங்கம்மா சேலை. தெரியுமா, தெரியாதா?"

"அம்மாதான் கிழிச்சுக் குடுத்தாங்க. விடேன். அடிக்கிற கைதான் அணைக்கும்."

"அணைக்கிறதுக்கு எனக்கு வேற கை இருக்கு. நீங்க பைக்கைத் துடைங்க."

துடைத்தார். அதுதான் அவர். மீதிப் பாதியைத் தேடி எடுத்து, மறுபடி துவைத்து, என் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

சம்பா நடவு நடந்துகொண்டிருந்த ஒரு பகலில் வலி கண்டது. பீரோவைத் திறந்து அந்தப் பாதிச் சேலையை எடுத்து, நைட்டிக்கு மேல் துண்டு போடுகிற மாதிரி தோளில் போட்டுக்கொண்டேன். வேனில் ஏறும்போதுதான் மாமியார் கவனித்தாள். முகம் சுண்டிப்போயிற்று. வலியில் துடிக்கிறவள் தோளிலிருந்து துணியைப் பிடுங்க டிரைவர் எதிரில் அவளுக்கும் கூச்சமாக இருந்திருக்கும். கட்டைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் அவள் எதிரிலேயே அம்மாவுக்குப் போன் போட்டேன். "கரையேறி வந்துடும்மா. பஸ் புடிச்சு ஆஸ்பத்திரிக்கு வந்துடு."

பிரசவ அறைக்குள் மாமியாரை விடவில்லை. பை அவளோடு வெளியே நின்றுவிட்டது. பெண் குழந்தை பிறந்தது. "வெளிய கேட்டுத் துணி வாங்கிட்டு வரேன்" என்று நர்ஸ் கிளம்பினார்.

"கேக்காதீங்க சிஸ்டர்! இந்தா இருக்கு. தொவைச்சதுதான்."

தலைமாட்டில் இருந்த சேலையைக் கொடுத்தேன். அவர் பிரித்துப் பார்த்துவிட்டு, குழந்தையைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார். எனக்குத் தையல் போட ஆரம்பித்தார்கள். உயிர் போகிற வலி. காது மட்டும் கதவிலேயே இருந்தது. மாமியார் அந்தத் துணியை உருவிப் போட்டுவிட்டு வேட்டியைச் சுற்றுவாள் என்று நினைத்து அழுகை முட்டியது.

நர்ஸ் வெறுங்கையோடு, சலித்துக்கொண்டே திரும்பி வந்தார்.

"என்னங்க உங்க மாமியாரு! புள்ளைய வாங்கக் கைய நீட்டிட்டு, துணியப் பாத்ததும் இழுத்துக்கிட்டாங்க. துணிய மாத்திக் குடுங்கங்கறாங்க. எவ்வளவு நேரம் நான் தூக்கிட்டு நிக்கறது? பக்கத்துல ஒரு அம்மா, காலெல்லாம் சேறோட ஓடியாந்து நின்னாங்க. அவங்க வாங்கிக்கிட்டாங்க. யாருங்க அது?"

"அது அவங்க சேலைதான் சிஸ்டர்" என்றேன்.