பிரசாதத்தில் சர்க்கரை இல்லை

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரே சமயத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டது. டாக்டரம்மா மாத்திரை எதுவும் எழுதவில்லை. "இனிப்ப நிறுத்துங்க. காய், கீரை நிறைய சாப்பிடுங்க. தினமும் நடங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். ஆனால் என் வீட்டுக்காரர் அதோடு நிற்கிற ஆள் இல்லை. அரக்கோணத்தில் ரயில்வே வேலை. போகும்போதும் வரும்போதும் ரயிலில் வீடியோ பார்த்தே இயற்கை மருத்துவராகிவிட்டார்.

வீட்டில் அடுப்புக்கு ஓய்வு கிடைத்தது. காலையில் முளைகட்டிய பச்சைப்பயறு, மதியம் பூசணிச் சாறு, இரவில் வேகாத கேரட். சமைத்த சாப்பாட்டுக்கு அவர் 'செத்த சோறு' என்று பெயர் வைத்தார். நான் வீட்டில் ரவிக்கை தைப்பவள். அளவு கொடுக்க வருகிற பெண்களையும் அவர் விடவில்லை. அவர்கள் மதியம் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு அனுதாபப்பட்டார்.

"மார்க்கெட்டுக் காய் எல்லாம் மருந்தடிச்சது. விளையற எடத்துக்கே போயி வாங்கணும்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு கனகம்மாசத்திரம் போனார். ரோட்டோரம் ஒரு அம்மா கத்தரிக்காயும் வெண்டைக்காயும் குவித்து வைத்திருந்தார்.

"எல்லாம் உங்க நெலத்துதாம்மா?"

"ஐய, இது கோயம்பேட்லேந்து வருதுங்க. எங்க நெலத்துல கரும்பு போட்டுகிறோம்."

அவர் முகம் வாடியதைப் பார்த்து அந்த அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு கரும்பை ஒடித்துக் கையில் கொடுத்தார். "சாப்ட்டுப் பாருங்க, வெறும் எருதான் போட்டது." நான் முறைத்ததை அவர் கவனிக்கவில்லை. கடித்து, மென்று, கணுக்கூட மிச்சம் வைக்காமல் முடித்தார். திரும்பி வரும்போது வண்டியை ஓட்டிக்கொண்டே எனக்குப் பாடம் நடத்தினார். "சக்கர வேற, கரும்பு வேற. இது உனுக்குப் புரியாது."

அடுத்த சோதனை நகரியிலிருந்து வந்தது. அவருடைய அக்கா திருப்பதி போய்விட்டு, இங்கே முருகன் மலைக்கும் போகலாம் என்று எங்கள் வீட்டில் இறங்கினார். இந்த ஊரில் குடியிருப்பவர்களுக்கு இது பழக்கம். இரண்டு சாமிக்கும் நடுவில் நம் வீட்டில்தான் எல்லோரும் குளிப்பார்கள். நாத்தனார் பையைத் திறந்ததும் லட்டு வாசம் வீடு முழுக்கப் பரவியது. என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, "வேணாங்கா, நாங்க இனிப்பு விட்டுட்டோம்" என்றார்.

நாத்தனாரின் கண் கலங்கிவிட்டது. "மணிக்கணக்குல லைன்ல நின்னு வாங்கியாந்தேன் நைனா. சாமி பிரசாதத்தையா வேணாங்கற? அதுல ஏது சக்கர?"

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். அந்த ஒரு நிமிடத்தில் ஒரு பெரிய தத்துவம் பிறந்ததை நான் கண்ணால் பார்த்தேன். லட்டில் பாதி போய்விட்டது. எனக்கு ஒரு முந்திரி கிடைத்தது.

மறுநாளிலிருந்து விடியற்காலையில் மலைப்படி ஏறத் தொடங்கினார். "சும்மா ரோட்ல நடந்தா ஆவாது. படி ஏறுனாதான் சுகர் எறங்கும்." வேர்த்து விறுவிறுத்து, நெற்றி நிறைய விபூதியோடு வந்து, ஒரு கைப்பிடி பயறை மட்டும் கொறித்துவிட்டு, "போதும், பசியே இல்ல" என்பார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒருநாள் ரவிக்கை அளக்கும் டேப்பை அவர் இடுப்பில் சுற்றிப் பார்த்தேன். இடுப்பு ஏறியிருந்தது.

அடுத்த நாள் சற்று இடைவெளி விட்டு நானும் பின்னாலேயே ஏறினேன். மேலே மண்டபத்து ஓரத்தில், தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் தொன்னை நிறைய சர்க்கரைப் பொங்கல், பக்கத்தில் பஞ்சாமிர்த டப்பா.

"இன்னாங்க இது?"

அவர் அசரவில்லை. "வாழப்பழம், பேரீச்சம்பழம், தேன். இதுல அடுப்புல வெச்சது எது, நீயே சொல்லு."

"அப்போ பொங்கலு?"

"அது பிரசாதம்" என்று எழுந்து நின்றே சொன்னார், பயபக்தியோடு.

நான் வீட்டில் பூசணிச் சாறு குடித்துக் குடித்து நாக்கு செத்துப்போய் இருந்தவள். சண்டை போடக்கூடத் தோன்றவில்லை. தொன்னையைப் பிடுங்கி, அங்கேயே நின்று, ஒட்டிக்கொண்டிருந்த நெய்யைக்கூட வழித்துச் சாப்பிட்டேன். பிறகு இருவரும் கீழே இறங்கினோம்.

அந்த மாதக் கடைசியில் இரண்டு பேரும் ரத்தம் கொடுத்தோம். தினமும் படி ஏறிய அவருக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது. நாள் முழுக்கத் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த எனக்கு ஏறியிருந்தது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"சார் எவ்ளோ கட்டுப்பாடா இருக்காரு! நீங்களும் அவர மாதிரி சாப்பிடப் பழகணும்மா."

"ஆங், சரிங்க டாக்டர். அப்படியே செய்யறேன்" என்றேன். பக்கத்து நாற்காலியில் அவர் தலையைக் குனிந்துகொண்டு, மிகுந்த அடக்கத்தோடு, "எல்லாம் முருகன் செயலுங்க" என்றார்.