கட்டிலுக்கடியில் பலாப்பழம்

“…அஞ்சு பலாவும் ஊட்டுக்குள்ளயா வெச்சிருக்கீங்க, டீச்சர்?” தேவாலா பஸ் நிறுத்தத்தில் டீக்கடை பாப்பாத்தியக்கா கேட்கிறார்.

எஸ்டேட் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க அயர்லாந்திலிருந்து வந்திருக்கும் தம்பதி சிரிக்கிறார்கள். மனைவி சொல்கிறார்: “பிள்ளைங்க ஆசையா குடுத்தாங்க. வேண்டாம்னு சொல்ல மனசு வரலை. கட்டிலுக்கடியில வெச்சிருக்கோம். ஊடு பூராவும் வாசம்!” அந்த ‘ஊடு’ இங்கே பழகியது.

“அட சாமி! பழுத்த பழத்தைப் பொழுதோட அறுத்துத் தீத்தரோணுமுங்க. போன வாரம் ஒத்தப் பழத்துக்கு ஆனை வந்து என்ற சமையக்கட்டுச் செவுத்தையே தள்ளிருச்சு. நீங்க அஞ்சுக்கு மேல படுத்துத் தூங்குறீங்களே!”

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கும் எனக்கே தூக்கிவாரிப் போடுகிறது. கணவர் மனைவியைப் பார்க்கிறார். பொழுது சாய்ந்துகொண்டிருக்கிறது.

பாப்பாத்தியக்கா கொதிக்கிற பாலை இறக்கி வைத்து, அரிவாளை எடுத்துக்கொண்டு, டீச்சரின் கையைப் பிடித்து இழுத்தபடி அவர்கள் வீட்டுக்கு ஓடுகிறார்.