தண்ணீர் மேல் போட்ட பழி

இருபத்து மூன்று வருடம் மாட்டின் பின்பக்கத்தில் நின்று அரசாங்கச் சம்பளம் வாங்கியவன் நான். கால்நடை இலாகாவில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிற வேலை. நான் டாக்டர் இல்லை, டாக்டருக்குக் கீழே இருந்த ஆள். ஆனால் கம்பம் என்கிற கிராமக் குடியிருப்புகளில் மாடு வைத்திருந்தவர்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. மாட்டுக்கு ஏதாவது என்றால் என்னைத்தான் தேடுவார்கள். கன்று பிறந்தால் கடவுள் கொடுத்தது, பிறக்காவிட்டால் நான் சரியாகப் போடவில்லை.

காலை ஆறு மணிக்கு பிரிக்பீல்ட்ஸ் வாடகை வீட்டிலிருந்து மோட்டாரைக் கிளப்பினால் பெடரல் ஹைவேயில் லோரிகளின் புகையைக் குடித்துக்கொண்டே கிள்ளான் ஆபீசுக்குப் போய்ச் சேருவேன். அங்கே காளை விந்தை உறைய வைத்திருக்கும் கனமான குடுவையை மோட்டாரில் கட்டிக்கொண்டு சுற்றக் கிளம்ப வேண்டும். மாடு இருபத்தொரு நாளுக்கு ஒருமுறைதான் பருவத்துக்கு வரும். வந்தாலும் ஒரு நாள் கூட நிற்காது. அதற்குள் வீட்டுக்காரர் கவனித்து, ஆபீசுக்குச் சொல்லி அனுப்பி, நான் போய்ச் சேர வேண்டும். பருவத்துக்கு வந்த மாடு காலையில் கத்தினால் சாயங்காலம் போட வேண்டும், சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை. மாடுகள் என் விடுமுறையைப் பார்த்துக் கத்துவதில்லை. வீட்டுக்கு வந்தால் சட்டையைக் கழற்றிப் பின்வாசலில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது என் மனைவியின் சட்டம்.

நான் சொல்ல வந்தது ஒரு மாட்டைப் பற்றி. எண்பதுகளின் நடுவில் நடந்தது.

தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பலகை வீடுகள் இருந்தன. வீடுகளுக்கும் தொழிற்சாலை வேலிக்கும் நடுவே ஒரு லோங்காங் ஓடியது. மழைத் தண்ணீருக்காக வெட்டிய கால்வாய்தான். நான் பார்த்த காலத்தில் அதில் மழைத் தண்ணீரைத் தவிர மற்றதெல்லாம் ஓடியது. திங்கட்கிழமை சாம்பல் நிறம், வியாழக்கிழமை நீலம். கடைசி வீட்டில் ஓர் அக்கா ஒரே ஒரு மாடு வைத்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் கணவர் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த தொழிற்சாலையில் ஜாகா, அதாவது வாசல் காவல்காரர்.

மாடு ஒரு கன்று போட்டுப் பால் கொடுத்து வற்றிவிட்டது. மறுபடி சினை தங்கவில்லை. ஒரு வருடத்தில் ஆறு தடவை ஊசி போட்டேன், ஆறும் வீண். தீபாவளிக்குள் சினை பிடிக்காவிட்டால் வெட்டுக்கு லோரி ஏற்றிவிட வேண்டியதுதான் என்று கணவர் சொல்லிவிட்டார். அந்த அக்காவுக்கு அதுதான் பயம்.

"பால் குடுத்த மாட்ட வெட்டுக்கு அனுப்பிட்டு நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு சாமி கும்புடுவேன் தம்பி? நீங்கதான் எப்படியாச்சும் பார்க்கணும்."

நான் என்ன பார்ப்பது? தகரக் கூரைக்குக் கீழே மத்தியானத்தில் மனுஷனாலேயே நிற்க முடியாது. பக்கத்து நிலத்தில் புதுத் தொழிற்சாலையின் அஸ்திவாரத்துக்குத் தூண்களை மண்ணில் இறக்கப் பைலிங் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் மாட்டின் தோல் சிலிர்க்கும். குடிப்பதோ அந்த லோங்காங் தண்ணீர். பக்கத்து வீட்டு வாத்து முட்டைகள் கூடப் பொரிக்காமல் அழுகிப் போகின்றன என்று சொன்னார்கள்.

எங்கள் டாக்டர் பொறுமையான மனிதர். ஒருநாள் கோப்பி குடித்துக்கொண்டே விளக்கினார். பயந்துபோன மாட்டின் உடம்பு கன்று சுமக்கிற வேலையைத் தள்ளி வைத்துவிடும், பருவம் வந்தாலும் வெளியே காட்டாது. தண்ணீரில் கலக்கிற சில ரசாயனங்கள் உடம்புக்குள்ளே ஹார்மோன் மாதிரியே நடித்துப் பொய்யான உத்தரவு கொடுக்கும் என்றும் படித்திருப்பதாகச் சொன்னார். "ஆனா நிரூபிக்கச் சொன்னா நம்மகிட்ட என்ன இருக்கு?" என்றார். நான் ஒரு ஆரஞ்சுத் தண்ணீர்ப் போத்தலில் லோங்காங் தண்ணீரைப் பிடித்துக் கொண்டுபோய் ஆபீசில் கொடுத்தேன். அது நம் இலாகா வேலை இல்லை என்றார்கள். போத்தல் மாதக்கணக்கில் ஐஸ்பெட்டியில் கிடந்தது. அடியில் நீலமாகக் கொஞ்சம் படிந்திருந்தது. பிறகு யாரோ அதைக் கொட்டிவிட்டுச் சாம்பார் ஊற்றி வைத்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து மூன்று மாதம் சேதியே இல்லை. தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது நானே அந்தப் பக்கம் போனேன்.

"கத்தவே இல்ல தம்பி, மூணு மாசமா," என்றார் அக்கா.

இப்படிப் பருவத்துக்கே வராத மாட்டுக்கு ஒரு ஊசி உண்டு. அது உடம்புக்குள் இருக்கிற பழைய ஹார்மோன் கணக்கை அழித்துவிடும். மூன்று நான்கு நாளில் மாடு புதிதாகப் பருவத்துக்கு வரும். டாக்டர் அதற்கு அனுமதி கொடுத்திருந்தார். ஆனால் ஒரு விதி. ஊசி போடுவதற்கு முன்னால் கையை உள்ளே விட்டுச் சினை இல்லை என்று தடவிப் பார்த்தாக வேண்டும். சினையாக இருக்கிற மாட்டுக்கு அந்த ஊசியைப் போட்டால் கரு கலைந்து கன்றை வீசிவிடும். கர்ப்பிணிகள் தொடக்கூடாது என்று அந்த மருந்துப் போத்தல் மேலேயே எழுதியிருக்கும்.

அன்றைக்கு அது எனக்கு ஒன்பதாவது மாடு. மழை பிடித்துக்கொண்டது. தோள் வரை போடுகிற பிளாஸ்டிக் கையுறை ஒன்றுதான் மிச்சம், அதுவும் கிழிந்திருந்தது. வலது தோள் காலையிலிருந்தே கழன்று விழுகிற மாதிரி வலித்தது. இதெல்லாம் காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. உண்மையான காரணம் என் தலைக்கனம். நான் போடாமல் இந்த மாட்டுக்கு எப்படிச் சினை வரும் என்ற நினைப்பு.

"என்ன ஊசி தம்பி?"

"சத்து ஊசி மாதிரிதான்கா. நாலாம் நாள் கத்தும். நானே வரேன்."

கையை விட்டுப் பார்க்கவில்லை. போட்டுவிட்டு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நாலாம் நாள் குடுவையோடு போய் இறங்கினேன். மாடு கொட்டகை மூலையில் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. அக்கா ஒரு தமிழ்ப் பேப்பர் பொட்டலத்தைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். என் உள்ளங்கையை விடக் கொஞ்சம் நீளம். கண் மூடியிருந்தது. ஒரு மயிர் கூட இல்லை, ஆனால் நான்கு குளம்பும் வெள்ளையாக, தெளிவாக இருந்தன.

பொட்டலத்தின் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தேன். அதற்குள் அக்கா அழ ஆரம்பித்துவிட்டார்.

"எல்லாம் என்னாலதான் தம்பி. உங்ககிட்ட மறைச்சிட்டேன். மூணு மாசத்துக்கு முந்தி எஸ்டேட்டு காளகிட்ட ஓட்டிட்டுப் போனேன். நீங்க கண்ட காளகிட்டயும் கொண்டு போகக் கூடாது, சீக்கு வரும்னு சொல்லியிருந்தீங்க. ஆறு தடவ மழையிலயும் வெயில்லயும் வந்தீங்க, ஒரு வாய் தேத்தண்ணி கூட குடிக்கல. உங்க மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லல. அதும் தங்கலன்னுதான் நெனச்சேன். சாமி தண்டிச்சிருச்சு."

ஆமாம், காளை கூடாது என்று ஊர் ஊராகத் திட்டிக்கொண்டு திரிந்தவன் நான்தான். என் மனசு கஷ்டப்படக் கூடாது என்று ஒரு மனுஷி மறைத்திருக்கிறார். நான் கையை விட்டிருந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும். சொல்லிவிட வேண்டியதுதான் என்று வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"இல்லக்கா, உங்க மேல தப்பே இல்ல. அந்த லோங்காங் தண்ணிதான். அதக் குடிச்சா இப்படித்தான் ஆகும்."

அவர் அழுகையை நிறுத்தவேண்டும் என்றுதான் சொன்னேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி அது. மீதிப் பாதி, வேலை போய்விடும் என்ற பயம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் யாருடையது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். நான் ஆபீசுக்குத் திரும்பி வந்து, கன்று வீசியதற்குக் காரணம் மாசுபட்ட தண்ணீராக இருக்கலாம் என்று மலாயில் நாலு வரி எழுதிக் கொடுத்தேன். டாக்டர் படித்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

பத்து நாள் கழித்து அந்த வழியாகப் போனபோது, அக்கா பெரிய சாலையோரத்தில் இரண்டு கையிலும் வாளியோடு நடந்து வந்துகொண்டிருந்தார். கோயில் பைப்பிலிருந்து தண்ணீர். அரை மைல் இருக்கும். மாட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை வாளி வேண்டும் என்று எனக்குத் தெரியும். மோட்டாரை நிறுத்தினேன்.

"நீங்க சொன்னதுக்கப்புறம் அந்தத் தண்ணிய நான் காட்டுறதே இல்ல தம்பி. வெட்டுக்கு அனுப்பக் கூடாதுன்னு அவர்கிட்டயும் சொல்லிட்டேன். அவரு பேக்டரி பண்ணுன வேலைக்கு என் மாடு சாகணுமான்னு கேட்டேன். லோரிப் பேச்ச விட்டுட்டாரு."

வாளியின் கைப்பிடி பட்ட இடத்தில் உள்ளங்கை சிவந்திருந்தது. ஒரு வாளியை வாங்கிக் கொட்டகை வரை தூக்கி வந்து வைத்தேன். வேறு என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை.

அதற்குப் பிறகு பல தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று பந்திங் சாலை முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டு போவேன். போனால் அக்கா மாட்டுக்குப் பைப்புத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பார். இத்தனை வாளி சுமந்தவரிடம் இது என் பொய் என்று எப்படிச் சொல்வது? நாள் ஆக ஆக இன்னும் சிரமமாகிப் போனது. பைலிங் முடிந்து அந்த இடம் கொஞ்சம் அமைதியாகியிருந்தது. மாடு பருவத்துக்கு வந்தது. நான்தான் ஊசி போட்டேன். இரண்டரை மாதம் கழித்துப் புதுக் கையுறை போட்டுக் கையை விட்டுத் தடவினேன். இருந்தது. விரல் நுனியில் சின்னதாகத் தட்டுப்பட்டது. "இருக்குக்கா" என்றேன். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

அது தண்ணீரை மாற்றியதாலா, பைலிங் நின்றதாலா, ஏழாவது தடவை அதிர்ஷ்டமா, எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. என் பொய்க்குள் உண்மை இருந்திருக்கலாம். ஆனால் வீசிய அந்தக் கன்றைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமே கிடையாது.

அடுத்த வருடம் ஒரு மத்தியானம் அக்காவின் கணவர் கிள்ளான் ஆபீசுக்கு வந்தார். மெலிந்திருந்தார். கையில் ஒரு தூக்குச்சட்டி. கன்று போட்டால் ஊசி போட்டவருக்குச் சீம்பால் கொண்டுவந்து கொடுப்பது எங்கள் பக்கத்து மாட்டுக்காரர்களின் வழக்கம்.

"கெடேரிக் கன்னு சார். அவதான் குடுத்துட்டு வரச் சொன்னா. நீங்க தண்ணிய மாத்தச் சொன்னீங்களாம், அதான் பொழைச்சுதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறா."

நான் தூக்குச்சட்டியை வாங்கி மேசையில் வைத்தேன். அவர் போகவில்லை.

"நான் ஜாகா வேலைய விட்டுட்டேன் சார். இப்போ போர்ட்டுல மூட்ட தூக்குறேன். கன்னு வீசுனதுலேருந்து ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு வேல சொல்றதத் தவிர என்கூடப் பேச மாட்டேங்குறா. வியாழக்கிழமையானா கேட்டுல நின்னு அந்தத் தண்ணிய தொறந்து வுடுறத நானும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன். சாப்பிட ஒக்காந்தா அந்தக் கன்னு ஞாபகம்தான் வருது." துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஒண்ணு கேக்கலாமா சார்? நெசமாவே அந்தத் தண்ணியாலதானா?"

ஆபீசில் யாரும் இல்லை. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனிதர் தலையை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

"தண்ணிதான் அண்ணே," என்றேன். "வேற என்ன?"

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். போகும்போது தேங்க்ஸ் சொன்னார்.

அன்று சாயங்காலம் என் மனைவி சீம்பாலில் சீனியும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வேகவைத்துத் துண்டு போட்டாள். பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தாள். எனக்கு ஒரு தட்டில் வைத்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டாள். தொண்டையில் இறங்காது என்றுதான் நினைத்தேன். இறங்கியது. நன்றாகவே இருந்தது.

"இன்னும் ஒரு துண்டு வை," என்றேன்.