மிக்ஸிக்கு மேலே ஒரு தலை

சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் எனக்கு வேலை. அங்கே, ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியின் திசு எப்படி மாறுகிறது என்று ஆராய்கிறார்கள். டாக்டர்கள் ஸ்கேன் படத்தையும் திசுவையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதற்கு முன்னால், வருகிறவர்களிடம் கேள்வி கேட்டுப் படிவம் நிரப்புவது நான். எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குத் தனிப் படிவம். பதினொரு கேள்விகள், பெரும்பாலும் உடம்புக்குள் உலோகம் இருக்கிறதா என்பதைப் பற்றி.

என் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு உண்டு. ஏதாவது ஒரு கேள்விக்கு "ஆமா" என்றால் வேறு கவுன்டருக்குப் போக வேண்டும், அங்கே பழைய ரிப்போர்ட் கேட்பார்கள், அன்றைய நாள் போய்விடும். ஆகவே வெளியே போகிறவர் அடுத்தவரிடம் சொல்லிவிட்டுப் போவார்: "எது கேட்டாலும் இல்லன்னு சொல்லிடு மச்சான். அஞ்சு நிமிஷத்துல வுட்டுருவாங்க." இந்த ஏற்பாடு எனக்கு வெகுநாள் தெரியாது. நம் மாவட்டத்து ஆண்கள் எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று வியந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் காலை, கடலூர் துறைமுகப் பக்கத்திலிருந்து படகு எஞ்சின் மெக்கானிக் ஒருவர் மனைவியோடு வந்தார். அறுபதைத் தாண்டியவர். ரத்தப் பரிசோதனையில் சந்தேகம் வந்திருந்தது. புற்றுநோயா இல்லையா என்பதை ஸ்கேனும் அதன்பிறகு எடுக்கும் திசுவும்தான் சொல்ல வேண்டும். அவர் நாற்காலியில் உட்காருவதற்குள்ளேயே பதில் சொல்லத் தொடங்கிவிட்டார்.

"பேஸ்மேக்கர்..."

"இல்ல."

"கண்ணுக்குள்ள இரும்புத் தூள்..."

"இல்ல."

பத்து கேள்விகளில் ஒன்றைக்கூட அவர் முடிக்கவிடவில்லை. பதினொன்றாவதை மட்டும் முழுதாகக் கேட்டேன்: "இதுவரைக்கும் கேட்டதெல்லாம் புரிஞ்சுதா?"

"இல்ல."

பேனாவை மூடினேன். முதலிலிருந்து நிதானமாக ஆரம்பித்தேன். நான்காவது கேள்வி: தலையில் ஆபரேஷன் எதுவும் நடந்திருக்கிறதா?

"இல்ல."

"ஏங்க, மண்டைய தொறந்து கிளிப்பு போட்டாங்களே?" என்றார் மனைவி.

"அது மேல. இப்ப ஸ்கேன் எடுக்கறது கீழதான?"

மனைவியிடம் விசாரித்தேன். மூளையில் முன்பு ஒரு ரத்தக்குழாய் பலூன்போலப் புடைத்திருக்கிறது. வெடித்துவிடாமல் இருக்க அதன் கழுத்தில் கிளிப்பு மாட்டியிருக்கிறார்கள். தழும்பை முடி மறைத்திருந்தது.

"ஐயா, ஸ்கேன் மெஷின்னா பெரிய காந்தம்" என்று மட்டும்தான் சொன்னேன். மெக்கானிக் அல்லவா, மீதி அவருக்கே புரிந்துவிட்டது. கை மெல்லத் தலைக்குப் போனது.

"இரும்பா இருந்தா திரும்பிக்கும், இல்ல?"

"அதான் என்ன கிளிப்புன்னு தெரியணும். ஃபைல் இருக்கா?"

"வெள்ளத்துல போச்சு" என்றார் மனைவி. "கிளிப்பு பேரு, நம்பரு போட்டு சின்னதா ஒரு ஸ்டிக்கர் குடுத்து பத்திரமா வெக்கச் சொன்னாங்க. அது இருக்கு. பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கேன். மிக்ஸி வாரண்டி எல்லாம் அங்கதான்."

"என்னைய மிக்ஸிகூடவா ஒட்டுன?"

"மிக்ஸிக்கு மேலதான் ஒட்டியிருக்கேன்."

வீட்டிலிருந்த மருமகளுக்கு போன் போட்டோம். பீரோ பூட்டியிருந்தது. சாவி என் எதிரே, மாமியாரின் இடுப்பில்.

"ஸ்குரூ டிரைவர எடும்மா. பூட்டுக்குப் பக்கத்துல வெச்சு நெம்பு" என்றார் மெக்கானிக்.

"ஐயோ, எங்க அம்மா வூட்டு சீரு அது!"

"ஒனக்கு பீரோவா, என் தலையா?"

போனுக்குள் டமாலென்று ஒரு சத்தம் கேட்டபிறகுதான், "தலைதாங்க" என்றார் அந்த அம்மாள்.

போட்டோ வந்தது. ஃப்ரிட்ஜ், கிரைண்டர், மிக்ஸி, அதற்கு மேலே கணவர். ஸ்கேன் டாக்டர் படத்தைப் பெரிதாக்கி, கம்பெனியையும் மாடல் எண்ணையும் பட்டியலில் சரிபார்த்தார். டைட்டானியம், எங்கள் மெஷினில் போகலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்போதும் மெக்கானிக் எழுந்திருக்கவில்லை. டாக்டரிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் உள்ளே போனார்.

அரை மணிக்கு மேல் ஆனது.

"தலை?" என்றார் மனைவி, அவர் வெளியே வந்ததும்.

"தலைக்கு ஒண்ணுமில்ல. காதுதான் போச்சு. என்னா சத்தம்! பிஸ்டன் ரிங்கு போன எஞ்சினு மாதிரி."

பெஞ்சிலிருந்து ஒருவர் எட்டிக் கேட்டார்: "இன்னா மச்சான் இவ்ளோ நேரம்? எல்லாத்துக்கும் இல்லன்னுதான சொன்னீங்க?"

"ஒழுங்கா உண்மைய சொல்லிடு மச்சான்" என்றார் மெக்கானிக். "இல்லன்னா வூட்ல பீரோவ ஒடைச்சுருவாங்க."