நெட்டை பைக்கும் தட்டைச் செருப்பும்

கிராஞ்சியில் செடி நர்சரி வைத்திருந்த பாய் ஒருவர் தன் பழைய பைக்கை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. சாதாரண பைக் இல்லை. மண் ரோடு, மலை ரோடு எதற்கும் அசராமல் நாடு விட்டு நாடு போவதற்கென்றே செய்த நெட்டை பைக். பாய் அதில் நாலைந்து முறை தாய்லாந்து போய் வந்தவர். எண்பதுகளின் கடைசியில் அப்படி ஒன்று சிங்கப்பூரில் கண்ணில் படுவதே அபூர்வம். நான் ஓட்ட, என் மனைவி பின்னால் உட்கார, தாய்லாந்தில் ஹாட்யாய் வரை போய் வர வேண்டும். கல்யாணமான ஆறு வருஷமாக இதையே சொல்லி அவள் உயிரை எடுத்துக்கொண்டிருந்தேன்.

சாங்கி விமான நிலையத்துச் சரக்குப் பிரிவில் எனக்கு வேலை. வந்திறங்கும் பெட்டிகளில் எது நசுங்கியிருக்கிறது, எது நனைந்திருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். அதனால் குறை கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று எனக்கு ஒரு நினைப்பு. மாமியார் வீட்டு விருந்தில் அந்தத் திறமையைக் காட்டப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

ஞாயிறு பூசை முடிந்து, தேக்காவில் தோசை சாப்பிட்டுவிட்டு, எங்கள் ஸ்கூட்டரில் கிராஞ்சிக்குப் போனோம். நான் டார்ச் எடுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த என் மனைவி கைப்பையில் ஸ்டெதஸ்கோப் வைத்திருந்தாள்.

“எஞ்சினுக்கும் நெஞ்சு இருக்கும்ல?” என்றாள்.

பைக் செடித் தொட்டிகளுக்கு நடுவே பெரிய ஸ்டாண்டில் நிமிர்ந்து நின்றது. முதலில் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. ஆள் வருமுன் சூடாக்கி வைத்து ஏமாற்றுகிறவர் இல்லை பாய். பெட்ரோல் டேங்கைத் திறந்து டார்ச் அடித்தேன்; துரு இல்லை. சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சாவியால் தட்டினேன். எல்லாம் ஒரே மாதிரி கிணுங்கின. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் மட்டும் கொஞ்சம் எண்ணெய் கசிந்திருந்தது. கிடைத்ததடா ஒன்று என்று சந்தோஷமாகக் குறித்துக்கொண்டேன்.

பாய் எஞ்சினைக் கிளப்பினார். என் மனைவி குனிந்து ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள்.

“டக் டக்னு ஒரு சத்தம் வருதே?”

பாய் அசந்துவிட்டார். “வால்வு கொஞ்சம் டைட் பண்ணணும் தங்கச்சி. என் மெக்கானிக்கே ரெண்டு நாள் கழிச்சுதான் கண்டுபிடிச்சான் லா.” பிறகு என்னைப் பார்த்தார். “தம்பி, ஏறி ஸ்டாண்டை விட்டு இறக்குங்க.”

ஏறினேன். முன்னால் தள்ளினேன். பைக் ஸ்டாண்டிலிருந்து இறங்கியது, என் கால் மட்டும் தரைக்குப் போய்ச் சேரவில்லை. லைசன்ஸ் எடுத்தபோது பழகிய பைக் தாழ்வானது. இந்த உயரம் எனக்குத் தோன்றவே இல்லை. பைக் இடது பக்கம் மெதுவாக, ரொம்ப மரியாதையாகச் சாய்ந்தது. நானும் கூடவே சாய்ந்தேன். என் மனைவி ஓடிவந்து தோள் கொடுத்திருக்காவிட்டால் ஒரு வரிசைச் செம்பருத்திக்கு அன்றே அடக்கம்தான்.

ஒன்றரை மணி நேரம் பைக்கை அளந்தவன் என்னை அளக்க மறந்திருந்தேன். எங்கள் வீட்டில் உயரத்தைப் பற்றிப் பேசும் வழக்கமே கிடையாது. அவள் என்னைவிட நாலு விரல் உயரம். கல்யாணப் படத்துக்கு போட்டோக்காரர் என்னைக் கோயில் படியில் ஒரு படி மேலே நிறுத்தினார். அன்றிலிருந்து அவள் தட்டைச் செருப்புதான். யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை.

“தங்கச்சி, நீங்க ஏறிப் பாருங்க” என்றார் பாய்.

அவள் என்னைப் பார்த்துவிட்டு ஏறினாள். பேண்ட் போட்டிருந்தாள். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படிந்தன. கைப்பிடியைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினாள். அவள் முகத்தில் வந்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எனக்குப் பொறாமையாக இருந்தது. உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம்? நல்ல செயினைத் தேய்ந்த செயின் என்று சொல்லி, வியாபாரத்தை அங்கேயே முடித்துவிடலாமா என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். சட்டென்று இறங்கினாள்.

“வேணாங்க. எனக்கு இடுப்பு வலிக்குது. வண்டி அவ்வளவு நல்லா இல்ல.”

அரை நிமிஷம்கூட உட்காரவில்லை. அதற்குள் என்ன இடுப்பு வலி? ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தூக்கிப் புரட்டிப் போடுகிறவள். ஆறு வருஷமாக எத்தனை தடவை எனக்காக இப்படி இறங்கியிருப்பாள் என்று அப்போதுதான் உறைத்தது. இத்தனை பெரிய நசுங்கலை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, நான் பெட்டி பெட்டியாக டார்ச் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“பாய், வண்டியை எடுத்துக்கிறோம்” என்றேன். “இவகிட்ட ஸ்கூட்டர் லைசன்ஸ் இருக்கு. பெரிய பைக் லைசன்ஸ் எடுக்கிற வரைக்கும் வண்டி இங்கயே நிக்கலாமா?”

“நிக்கட்டும் தம்பி. யார் பேர்ல எழுத?”

“அவ பேர்லதான். நான் பின்னால உக்காந்துக்கிறேன்.”

திரும்பும்போது அவள் ஸ்கூட்டரைத் தேக்காவில் நிறுத்தச் சொன்னாள். செருப்புக் கடைக்குள் போனவள், கடைக்காரர் எதையும் எடுத்துக்காட்டும் முன்பே, மேல்தட்டிலிருந்த கறுப்புக் குதிகால் செருப்பைக் கைகாட்டினாள். போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றபோது என் தலை அவள் காது வரைக்கும்தான் வந்தது.

“எப்ப பார்த்து வச்ச இதை?” என்றேன்.

“இதையா? போன தீபாவளிக்கு. இதுக்கு முன்னாடி அந்த இடத்துல சிவப்பு இருந்துச்சு. அதுக்கு முன்னாடி பிரவுன்.”