கோப்பைக்குள் அடித்த புயல்

என் தங்கைக்கு வாய்த்தவர் பி.ஏ. படித்தவர். அந்த இரண்டு எழுத்துக்காக அப்பா பாதி வயலை விற்றிருந்தார்.

தலைதீபாவளிக்கு அவர் ஆலங்குடிப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்து இறங்கினார். கூடவே புயலும் வந்தது. கண்மாய்க் கரை உடைந்தது. மண்ணை வெட்டிப் போட்டுப் பார்த்தோம், நிற்கவில்லை. கல் வைத்துக் கட்டச் சமஸ்தானத்துச் சர்க்கார்தான் மனம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் முழுவதும் ஓடி, சம்பாப் பயிர் கருகிவிடும்.

மாப்பிள்ளைதான் மனு எழுதினார். கோயில் மண்டபத்தில் நின்று அந்த இங்கிலீஷ் மனுவை வாசித்து முழங்கினார். யாருக்கும் ஒரு சொல் புரியவில்லை, எல்லாரும் தலையாட்டினார்கள். எங்களைத் தாக்கியது சாதாரணப் புயல் அல்ல, ‘ஸ்டார்ம் இன் எ டீ கப்’ என்று முடித்திருந்தார் அந்த மேதை!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் புதுக்கோட்டையில் இங்கிலீஷ் வாத்தியார். ஒன்றுமில்லாததற்குக் குடிமுழுகிப் போனதாகக் கூத்தடிப்பவர்களைக் கேலி செய்யத்தான் வெள்ளைக்காரன் ‘டீக் கோப்பைக்குள் புயல்’ என்பான். “மாப்பிள்ள, அந்தக் கடைசி வரி…” என்று ஆரம்பித்தேன். அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார்.

“தலதீவாளிக்கு வந்தவரக் கொற சொல்லுவியாடா? அவரு மூஞ்சி சுண்டுனா ஒன் தங்கச்சியில்ல அங்கிட்டுப் போயி அழணும்?”

தலைதீபாவளி மாப்பிள்ளை பட்டப்பகலை இரவு என்றாலும் விளக்கேற்றி வைப்பதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. மனு அப்படியே போனது.

கார்த்திகைக் கடைசியில் பதில் வந்தது. இது அற்ப விஷயம் என்று மனுதாரர்களே ஒப்புக்கொள்வதால் மனு தள்ளுபடி. அப்பாவுக்கு நான்தான் விளக்கிச் சொன்னேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனார். பயிர் அதற்குள் வைக்கோலாகியிருந்தது.

தைப்பொங்கலுக்கு அறந்தாங்கியில் தங்கை வீட்டுக்குச் சீர் கொண்டுபோனோம். சர்க்கார் பதிலைப் பற்றிப் பேச்சு வந்தபோது மாப்பிள்ளை சிரித்தார்.

“அந்த அதிகாரிக்கு இங்கிலீஷ் பத்தாது மாமா.”

அப்பா சீர்த்தட்டை அவர் முன்னால் நகர்த்தி வைத்தார். மாப்பிள்ளை அதிலிருந்து அரிசியை அள்ளித் தேய்த்துப் பார்த்தார். முகம் கோணியது.

“கடையில வாங்குன பழைய அரிசியா? பொங்கச் சீருக்குப் புதுசு இல்லையா மாமா?”

“இல்லைங்க மாப்பிள்ள” என்றார் அப்பா. “புது நெல்லு பூராவும் ஒங்க டீ கப்புக்குள்ள போயிருச்சு.”